வெற்றியை அளக்கும் படி எது?

நெல் வாங்கும்போது பெரிய படி, விற்கும்போது சின்னப் படி என்று இரண்டு படி வைத்திருக்கும் வணிகனை ஊர் என்ன சொல்லும்? திருடன் என்று சொல்லும். பிடிபட்டால் படி பறிபோகும், தண்டமும் கட்டவேண்டும். அதற்கென்றே அலுவலர் உண்டு, முத்திரை உண்டு, சட்டம் உண்டு. அரைக்கால்படி குறைந்தாலும் குற்றம்! ஆனால் பல்லாயிரம் உயிர்களை அளக்கும் இடத்திலே இரண்டு படி வைத்திருப்பவனை உலகம் என்ன சொல்கிறது? மாமன்னன் என்கிறது, மாவீரன் என்கிறது, நாட்டைக் காத்த நாயகன் என்கிறது. மாலை சூட்டுகிறது, சிலை எடுக்கிறது, அவன் வென்ற நாளை விழாவாக்குகிறது. அரிசிக்கு முத்திரை வைத்த மனிதன், வெற்றி என்ற சொல்லுக்கு முத்திரை வைக்க மறந்தானே, ஏன்?

போர் வேண்டுமா, வேண்டாமா என்பது பழைய கேள்வி. அதற்கு விடை சொல்லப் பெரியோர் பலர் உண்டு. நான் எழுப்புவது சிறிய கேள்வி. ஆனால் சீண்டிப் பார்க்கத் தலைவர்கள் விரும்பாத கேள்வி. போரில் வெற்றி என்றால் என்ன? அதற்குப் பொருள் வகுப்பவர் யார்? போர் தொடங்குமுன் வகுக்கிறாரா, முடிந்த பின் வகுக்கிறாரா? நம் படைக்கு ஒரு பொருள், மாற்றான் படைக்கு வேறு பொருள் என்று வகுக்கிறாரா?

வில்லாளி ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு அம்பு எய்கிறான். அம்பு எங்கோ ஒரு சுவரில் தைக்கிறது. உடனே ஓடிச்சென்று அதைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, ‘பாரீர், நடுவிலே தைத்தேன்!’ என்று கூவுகிறான். சந்தையிலே இதைச் செய்தால் சிறுவர்கள் கைகொட்டிச் சிரிப்பார்கள். அரியணையிலிருந்து செய்தால் அமைச்சர்கள் கைதட்டுகிறார்கள்! வட்டம் வரைவதற்கென்றே எழுத்தாளர்களையும் அமர்த்துகிறார்கள்.

இந்த வித்தை இன்று நேற்று வந்ததன்று. பாரதத்தைப் பாருங்கள். அதை அறப்போர் என்றார்கள். சிகண்டியை முன்னே நிறுத்தி வீட்டுமனை வீழ்த்தினர். அசுவத்தாமன் இறந்தான் என்ற அரைப்பொய்யால் துரோணனின் வில்லைக் கீழே போடவைத்தனர். தேர்ச்சக்கரம் புதைந்து, தரையில் இறங்கி நின்ற கன்னனைக் கொன்றனர். இடைக்குக் கீழே அடிக்கலாகாது என்ற கதைப்போர் விதியை மீறித் துரியோதனன் தொடையைப் பிளந்தனர். இத்தனையும் கண்ணனின் ‘மதிநுட்பம்’ எனப்பட்டன. அதே போரில், இரவிலே பாசறைக்குள் புகுந்து உறங்கியவர்களைக் கொன்றான் அசுவத்தாமன். அது மட்டும் மாபாதகம்! அவன் செய்தது பாதகம்தான், மறுக்கவில்லை. ஆனால் இருதரப்பும் விதியை மீறின. ஒருதரப்பின் மீறலுக்குப் பெயர் தந்திரம், மறுதரப்பின் மீறலுக்குப் பெயர் பாவம். பெயர் வைத்தவன் வென்றவனின் புலவன்.

பேரறிஞர் அண்ணா ‘நீதிதேவன் மயக்கம்’ என்ற நாடகத்தில் இதைத்தானே கேட்டார்? இரக்கம் இல்லாதவன் அரக்கன் என்று இராவணனுக்குத் தீர்ப்பு எழுதினீர்களே, அதே அளவுகோலை முனிவர்கள் மீதும் தேவர்கள் மீதும் வைத்துப் பார்க்கலாமா என்று இராவணனே கேட்கிறான். நீதிதேவனால் விடை சொல்ல முடியவில்லை, மயங்கி விழுகிறான். ஒரே அளவுகோலை இருபுறமும் வை என்று கேட்டால் போதும், நீதியின் பெயரால் அமர்ந்திருப்போர் மயங்கிவிடுகிறார்கள்! புராணத்திலே கேட்ட அந்தக் கேள்வியை நாம் வரலாற்றிலும் கேட்கவேண்டும்; நேற்றைய, இன்றைய அரசியலிலும் கேட்கவேண்டும்.

இதை எழுதும் நடுவட்டம், உதகையிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையிலே உள்ள சிற்றூர். இங்கே ஒரு பழைய சிறை உண்டு. 1860களிலே இம்மலையில் சின்கோனா மரங்களைப் பயிரிட்டது ஆங்கில அரசு. அந்த மரப்பட்டையிலிருந்துதான் காய்ச்சலுக்கு மருந்தாகும் கொய்னா கிடைக்கும். அத்தோட்டங்களில் பாடுபடச் சீனக் கைதிகளைக் கொண்டுவந்து அடைத்தனர். அவர்கள் அபினிப் போரிலே பிடிபட்டவர்கள் என்பது ஊர் வழக்கு. மலாய்க் கரையிலிருந்த நீரிணைக் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்ட தண்டனைக் கைதிகள் என்பது ஆங்கிலேயர் ஏடு. ஏட்டுக்கு அவர்கள் குற்றவாளிகள். ஊரின் நினைவுக்கு அவர்கள் தோற்ற நாட்டின் மக்கள். விடுதலையானோரில் சிலர் இங்கேயே தங்கித் தமிழ்ப் பெண்களை மணந்து குடும்பமாயினர். அக்குடும்பங்களைப் பற்றித் தர்ஸ்டன் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் எழுதி வைத்திருக்கிறார்.

அந்த அபினிப் போர்தான் என்ன? இந்திய மண்ணில் விளைந்த அபினியைச் சீனாவில் விற்றுப் பணம் குவித்தனர் ஆங்கில வணிகர். தன் மக்கள் நஞ்சுண்டு நலிவதைச் சீன அரசு தடுக்க முனைந்தது. 1839இல் அபினிப் பெட்டிகளைப் பறித்து அழித்தது. உடனே போர்! சென்னை மாகாணப் படைப்பிரிவுகளும் அப்போருக்கு அனுப்பப்பட்டன. 1842இல் நான்கிங் உடன்படிக்கை. ஆங்காங் தீவு பறிபோயிற்று, இழப்பீடும் கட்டிற்று சீனம். வாணிப உரிமைக்குக் கிடைத்த வெற்றி என்றது இலண்டன். இலண்டன் தெருவிலே சீனன் ஒருவன் பீரங்கி முனையில் அபினி விற்றிருந்தால், அதற்கும் வாணிப உரிமை என்று பெயர் சூட்டியிருப்பார்களா? இந்தக் கேள்வியை அன்றே கேட்ட ஆங்கிலேயரும் இருந்தனர். 1840இல் நாடாளுமன்றத்தில் கிளாட்ஸ்டன் அப்போரைக் கண்டித்தார். கண்டனம் ஏட்டில் நின்றது. வெற்றி கணக்கில் சேர்ந்தது.

வெள்ளையன் ஏகாதிபத்தியவாதி, அவன் அப்படித்தான் செய்வான் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. வெள்ளையன் போன பின் வந்த நம்மவர் ஆட்சியைப் பார்ப்போம். 1948 செப்டம்பரில் ஐதராபாத்துக்குள் இந்தியப் படை நுழைந்தது. நிசாமின் ஆட்சி மக்களாட்சியன்று. இரசாக்கர்களின் கொடுமையும் பொய்யன்று. அந்த ஆட்சி வீழ்ந்ததற்கு நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்படையைக் கொண்டு நடத்திய அந்தச் செயலுக்கு அரசு இட்ட பெயர் ‘போலீஸ் நடவடிக்கை’. போர் என்றால் கணக்குக் கேட்பார்கள்; போலீஸ் நடவடிக்கை என்றால் கணக்கு எளிது. படை நுழைந்தபோதும் அதன் பின்னும் நடந்த படுகொலைகளைப் பற்றி விசாரித்துவரப் பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவைப் பண்டிதர் நேருவே அனுப்பினார். 27,000 முதல் 40,000 பேர் வரை மாண்டிருக்கலாம் என்று குழு மதிப்பிட்டது. பெரும்பாலோர் முசுலிம்கள். அறிக்கை வெளிவந்ததா? அறுபது ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் உறங்கியது; 2013ஆம் ஆண்டு வாக்கில்தான் மக்கள் கண்ணில் பட்டது. வெற்றி ஐந்து நாளில் அறிவிக்கப்பட்டது. விலை சொல்ல அறுபது ஆண்டு!

1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதின. செப்டம்பர் 23இல் போர்நிறுத்தம். 1966 சனவரி 10இல் தாசுகண்டில் உடன்பாடு. போருக்கு முன்னிருந்த இடத்துக்கு இருபடைகளும் திரும்பின. உயிர்கொடுத்துப் பிடித்த ஆசிப்பீர் கணவாயும் திருப்பித் தரப்பட்டது. வென்றவர் யார்? பாகிஸ்தான் ஆண்டுதோறும் செப்டம்பர் 6ஐப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடுகிறது. இந்தியா 2015இல் பொன்விழாக் கொண்டாடியது. ஒரு போர், இரண்டு வெற்றி, தோல்வியே இல்லை! கணக்கு ஆசிரியர் எவரும் ஒப்பாத கணக்கு இது. 2025 மே 7 முதல் 10 வரை நடந்த மோதலின் பின்னும் இதே காட்சிதான். இங்கே வெற்றி ஊர்வலம். அங்கே படைத்தலைவர் அசிம் முனீருக்குப் பீல்டு மார்ஷல் பட்டம். எல்லையோரத்துப் பூஞ்சில் எறிகணைக்குப் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் எந்த ஊர்வலத்தில் நடப்பாள்?

இனி, நம் நெஞ்சைச் சுடும் இடத்துக்கு வருவோம். இலங்கைக்கு வருவோம்.

1987 சூலை 29இல் கொழும்பில் இராசீவ் காந்தியும் ஜெயவர்த்தனேவும் உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். இந்திய அமைதிகாப்புப் படை ஈழத்துக்குச் சென்றது. பெயரைக் கவனியுங்கள்: அமைதி காக்கும் படை. அக்டோபர் 10இல் அதே படை புலிகள் மீது போர் தொடுத்தது. அமைதி காப்பது என்ற குறிக்கோள், ஆயுதங்களைப் பறிப்பது என்றாயிற்று. பின்னர் மாகாணத் தேர்தல் நடத்துவது என்றாயிற்று. முடிவில், ஒழுங்காக ஊர்திரும்புவதே குறிக்கோள் என்றாயிற்று. படையை அழைத்த இலங்கை அரசே, பிரேமதாசா காலத்தில், வெளியேறு என்றது. வெளியேற்றுவதற்காகப் புலிகளுக்கு ஆயுதமும் கொடுத்தது. 1990 மார்ச் 24இல் கடைசி வீரன் கப்பலேறினான். ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். ஒவ்வொரு முறையும் அம்பு விழுந்த இடத்தில் வட்டம் வரைந்தார்கள்; வட்டத்துக்குள்ளே பிணங்கள் கிடந்தன.

அமைதி காக்கச் சென்றவர்களால் மாண்டோர் கணக்கு எது? 1987 அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் நோயாளிகள், மருத்துவர்கள், செவிலியர்கள் உட்பட ஏறத்தாழ 70 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். இருதரப்பு மோதலுக்கிடையே சிக்கி இறந்தனர் என்றது படைத்தரப்பு. வேறொரு நாட்டின் படை சென்னைப் பொது மருத்துவமனையில் புகுந்து எழுபது பேரைக் கொன்றுவிட்டு, இடையில் சிக்கிக்கொண்டார்கள் என்று சொன்னால் தில்லி ஏற்குமா? ஏற்காது, ஏற்கவும் கூடாது. திரும்பிவந்த படையைச் சென்னையில் வரவேற்க அன்றைய முதல்வர் கலைஞர் செல்லவில்லை. தமிழரைக் கொன்று திரும்பும் படைக்கு மாலையிட மனம் ஒப்பவில்லை என்பது அவர் நிலை. நாட்டுப்பற்று இல்லாதவர் என்று அவரை ஏசினர். அவர் மறுத்தது ஒரு மாலையை மட்டுமன்று. தோல்விக்கு வெற்றி என்று பெயர் சூட்டும் சடங்கையும்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்த 1,200 பேரும் தாய்க்குப் பிள்ளைகள்தாம். எதற்கென்று தெளிவாகச் சொல்லப்படாமல் அனுப்பப்பட்டவர்கள். அவர்கள் பெயரைப் பொறித்த நினைவுச் சின்னம் கொழும்பை அடுத்த கோட்டையிலே நிற்கிறது. வெற்றியென்று வரையறுக்க முடியாத போரில் மாண்டவனை அனுப்பிய தலைவர்களே விரைவில் மறந்துவிடுகிறார்கள். பொய் அளவுகோல் எதிரியை மட்டும் ஏமாற்றுவதில்லை. சொந்த வீரனையும் அநாதையாக்குகிறது.

பின்னர் வந்தது 2009. சனவரி 2இல் கிளிநொச்சி வீழ்ந்தது. இது போரன்று, மக்களை மீட்கும் மனிதநேய நடவடிக்கை என்றது மகிந்த இராசபக்சே அரசு. பொதுமக்கள் ஒருவரும் சாகாமல் நடத்துவதே எம் கொள்கை என்றது. வன்னியில் சிக்கியிருந்தோர் 70,000 பேர்தாம் என்றும் சொல்லிவந்தது. உணவும் மருந்தும் அந்தக் கணக்கின்படி! மே மாதம் போர் முடிந்தபோது வவுனியா முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 2,80,000 பேர். கணக்கில் இல்லாத இரண்டு இலட்சம் மனிதர்கள் எங்கிருந்து முளைத்தார்கள்? கணக்கில் இல்லாதவன் பட்டினி கிடந்தால் அது பட்டினியன்று. கணக்கில் இல்லாதவன் செத்தால் அது சாவுமன்று. அரசே பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடங்களிலும் எறிகணைகள் விழுந்தன. நாற்பதாயிரம் பொதுமக்கள் வரை மாண்டிருக்கலாம் என்று ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011 ஏப்ரலில் சொன்னது. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகமே, இத்தகைய பெரும்போரில் பொதுமக்கள் சாவைத் தவிர்க்க இயலாது என்று ஏட்டில் ஒப்பிற்று. முதலில் ஒருவரும் சாகவில்லை. பிறகு, செத்தது தவிர்க்க முடியாதது. வெற்றி மட்டும் இரண்டு கூற்றிலும் மாறாமல் நின்றது!

அந்த வெற்றியின் கதை இன்னும் உண்டு. போரை நடத்திய படைத்தலைவர் சரத் பொன்சேகா 2009இல் மாவீரர். 2010 சனவரியில் இராசபக்சேயை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். பிப்ரவரியில் சிறைக்குள் தள்ளப்பட்டார், பதவிப் பட்டங்களும் பறிக்கப்பட்டன. 2015இல் ஆட்சி மாறியது. பீல்டு மார்ஷல் ஆனார். போர் ஒன்றே, செய்தவரும் ஒருவரே. நாயகன், துரோகி, மீண்டும் நாயகன்! அளவுகோல் மக்களிடமில்லை, ஆள்வோரிடமே இருந்தது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? வெற்றி உண்மையாயிருந்தால் ஒரு நடுகல்லைக் கண்டு நடுங்குவானேன்? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மாணவர் எழுப்பிய முள்ளிவாய்க்கால் நினைவுத் தூணை 2021 சனவரி 8 இரவில் இடித்தார்கள். எதிர்ப்பு எழுந்தபின் அவ்வாண்டே மீண்டும் எழுந்தது.

இந்தியாவின் படி? 2009 மே 27இல் செனீவாவில் மனித உரிமை மன்றம் கூடியது. இலங்கையைப் பாராட்டும் தீர்மானத்துக்கு இந்தியா ஆதரவாக வாக்களித்தது. 2012இல் இலங்கையைப் பொறுப்பேற்கச் சொல்லும் தீர்மானத்துக்கு ஆதரவு. 2014இல் வாக்களிக்காமல் ஒதுங்கியது. மாண்டவர்கள் அவர்களேதாம், ஐந்தாண்டில் மூன்று அளவு!

இதுவரை எதிரியின் படியையும் தில்லியின் படியையும் சோதித்தோம். இங்கே நிறுத்தினால் கைதட்டுக் கிடைக்கும். ஆனால் அது பகுத்தறிவாகாது. சோதனையை நம் வீட்டு வாசலில் நிறுத்துகிறவன், மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசும் தகுதியை இழக்கிறான். ஆகவே நம் வீட்டுப் படிகளையும் எடுத்துப் பார்ப்போம்.

ஈழ விடுதலையின் பேரால் போராடிய புலிகள், 1990 அக்டோபரில் வட மாகாணத்து முசுலிம்களை, ஏறத்தாழ 70,000 பேரை, ஊரைவிட்டு விரட்டினர். தமிழனை விரட்டினால் இனவெறி, தமிழ் பேசும் முசுலிமை விரட்டினால் பாதுகாப்பு ஏற்பாடா? சிறுவர் கையில் துப்பாக்கி கொடுத்தனர். இறுதிப் போரில் மக்களைத் தம்மோடு தடுத்து நிறுத்தினர், தப்பி ஓடியவர்களைச் சுட்டனர் என்று அதே ஐ.நா. குழு, சிங்களப் படையைக் குற்றஞ்சாட்டிய அதே அறிக்கையிலேயே சொல்லியிருக்கிறது. அறிக்கையின் ஒரு பாதியை மேடையில் முழங்கி, மறுபாதியை மடித்து வைப்போமானால், நம் கையிலும் இரண்டு படி இருக்கிறது என்று பொருள்.

தமிழகத் தலைவர்கள்? போர் என்றால் பொதுமக்களும் சாவது உண்டு என்ற பொருள்பட 2009 சனவரியில் பேசினார் செல்வி ஜெயலலிதா; மார்ச் 9இல் ஈழத்தமிழருக்காக உண்ணாநோன்பு இருந்தார். இடையில் என்ன மாறிற்று? வன்னியில் எறிகணையின் தன்மை மாறவில்லை. தமிழகத்தில் தேர்தல் நெருங்கியிருந்தது. ஏப்ரல் 27இல், அண்ணா நினைவிடத்தில் கலைஞர் உண்ணாநோன்பு தொடங்கினார். கனரக ஆயுதங்களைப் பயன்படுத்தமாட்டோம் என்று கொழும்பு அறிவித்ததும், சில மணி நேரத்தில் நோன்பு முடிந்தது. நோக்கம் நிறைவேறியது என்று நம் தோழர்கள் மகிழ்ந்தனர். அதன் பின்னும் மூன்று கிழமைகள், மே 18 வரை, முள்ளிவாய்க்காலில் குண்டுகள் விழுந்தன. 1990இல் பொய் வெற்றிக்கு மாலையிட மறுத்த அதே கலைஞரின் கழகம், 2009இல் கொழும்பின் ஓர் அறிவிப்பை வெற்றி என்று எடுத்துக்கொண்டது. இதை எழுதுவதால் இயக்கத்துக்கு இழுக்கு நேராது. எவர் சொன்னாலும், நானே சொன்னாலும், உன் அறிவுக்குப் பட்டாலன்றி ஏற்காதே என்று சொன்ன பெரியாரின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த அறிவுரையில் கழகத்துக்கு விலக்கு எழுதி வைக்கவில்லை அவர்.

எதிர்வாதம் வரும். போர்க்காலத்தில் இப்படியெல்லாம் கணக்குக் கேட்டால் வீரரின் மனவுறுதி குலையும், எதிரி மகிழ்வான், நாடு அழியும் என்பார்கள். வியத்நாமைப் பார்க்கட்டும். பரணி பாடுவதற்கு ஆயிரம் யானைகளை வீழ்த்திய வீரன் வேண்டும் என்பது நம் பாட்டியல் மரபு. அமெரிக்கா யானைக்குப் பதில் மனிதனை எண்ணியது. எதிரிப் பிணங்களின் எண்ணிக்கையே முன்னேற்றத்தின் அளவு என்றது. எண்ணிக்கை ஏறிக்கொண்டே போயிற்று. வெற்றி மட்டும் வரவில்லை. வெளியிலே நம்பிக்கை பேசிய தலைவர்கள் உள்ளே ஐயுற்றிருந்தனர் என்பதை 1971இல் வெளியான பென்டகன் ஆவணங்கள் காட்டின. 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தபோது அமெரிக்கர் மட்டும் ஏறத்தாழ 58,000 பேர் மாண்டிருந்தனர். வியத்நாமியர் பல இலட்சம். கணக்குக் கேட்டதாலா அவர்கள் மாண்டார்கள்? கணக்குக் கேட்க விடாததால் மாண்டார்கள்!

இன்னொரு வாதம் நேர்மையானது. அதற்கு மதிப்புக் கொடுத்து விடை சொல்லவேண்டும். போரின் போக்கில் குறிக்கோள் மாறக்கூடாதா? மாறலாம். ஆபிரகாம் லிங்கன் உள்நாட்டுப் போரில் இறங்கியது நாட்டின் ஒற்றுமையைக் காக்க. போரின் நடுவில், 1863 சனவரி 1இல், கலகம் செய்த மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். குறிக்கோள் வளர்ந்தது. ஆனால் அதை ஊரறிய, உலகறிய அறிவித்தார். 1864இல் போர் நடந்துகொண்டிருக்கும்போதே தேர்தலில் நின்று மக்களின் தீர்ப்பைக் கேட்டார். முடிந்தபின் மெல்ல மாற்றுவதற்கும் நடுவிலே அறிவித்து மாற்றுவதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. குறிக்கோளை மாற்றுவது குற்றமன்று. மாற்றியதை மறைப்பதே குற்றம்.

அப்படியானால் நேரிய படி எது? நான்கு கேள்விகள் போதும் என்பேன். முதலாவது: எதை அடைந்தால் வெற்றி, எதை இழந்தால் தோல்வி என்று படை புறப்படுமுன் மக்கள் மன்றத்தில் சொன்னாயா? இரண்டாவது: மாண்டோரை எண்ணும்போது எவரை எண்ணினாய்? உன் வீரனை மட்டுமா, மாற்றான் வீரனையுமா, ஆயுதமே தொடாதவனையுமா? மூன்றாவது: இதே செயலை, இதே அளவு இழப்போடு, உன் பகைவன் செய்திருந்தால் அதை வெற்றி என்று ஒப்புவாயா? நான்காவது: எந்தக் காரணத்துக்காகப் போர் மூண்டதோ அந்தக் காரணம் பத்தாண்டு கழித்து மறைந்திருக்கிறதா? இந்த நான்கையும் எதிரிக்கும் கேள், நண்பனுக்கும் கேள், உன் தலைவனுக்கு முதலில் கேள்.

நான்காவது கேள்வியை நீலமலையிலேயே கேட்டுப் பார்க்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களை வளமாக்கிய மலையகத் தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் மறுத்தது. 1964 அக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்பாடு செய்தனர்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பின்னர்ப் பங்கிடலாம்! மனிதர்களைப் பங்கிட்ட அந்தக் கணக்கை இருநாட்டு அரசுகளும் இராசதந்திர வெற்றி என்றன. பங்கிடப்பட்டவர்களை எவரும் கேட்கவில்லை. அவ்வாறு வந்தவர்களுக்கு வாழ்வளிக்க, அண்ணா முதல்வராயிருந்த 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கிற்று. பின்னாளில் அதுவே டான்டீ என்ற கழகமாயிற்று. வந்தவர் வந்தனர். சிக்கல் தீர்ந்ததா? 1983இல் இலங்கை எரிந்தது. அதன்பின் கால்நூற்றாண்டுப் போர். மக்களைக் கேளாமல் அறிவித்த வெற்றி, அடுத்த போருக்கு இட்ட விதையாயிற்று. போர்க்களத்திலாயினும், உடன்படிக்கை மேசையிலாயினும், படி ஒன்றுதான்.

வகுப்பறையிலே நாங்கள் சொல்லிக்கொடுக்கும் வரலாற்றில் போருக்குக் காரணங்கள், போக்கு, விளைவுகள் என்று மூன்று தலைப்பு உண்டு. விளைவுகள் என்ற தலைப்பின் கீழ் உடன்படிக்கையும் எல்லைக்கோடும் வரும். அடியில் கிடப்பவன் வரமாட்டான். வென்றதாகச் சொல்பவர் சொன்ன குறிக்கோள் என்ன, அது நிறைவேறிற்றா என்று நான்காவது தலைப்பு ஒன்றை ஆசிரியர் எவரும் கரும்பலகையில் எழுதலாம். அதற்கு ஆணை தேவையில்லை. ஒரு துண்டுச் சுண்ணக்கட்டி போதும்.

அசோகன் கலிங்கத்தை வென்றான். ஓரிலட்சம் பேர் மாண்டனர், ஒன்றரை இலட்சம் பேர் பெயர்த்துச் செல்லப்பட்டனர் என்று தன் பதின்மூன்றாம் பாறைக் கல்வெட்டிலே தானே பொறித்து வருந்தினான். மாற்றானின் பிணத்தை எண்ணி, அதைத் தன் தோல்வியாகக் கருதிய மன்னன் என்று உலகம் அவனைப் போற்றுகிறது, போற்றத்தக்கதே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தௌலியிலும் சௌகடாவிலும், அதாவது வெல்லப்பட்ட அந்தக் கலிங்க மண்ணிலே, அந்தப் பதின்மூன்றாம் கல்வெட்டு பொறிக்கப்படவில்லை. வேறு ஆணைகளே உள்ளன. வருத்தம் ஊருக்கெல்லாம் அறிவிக்கப்பட்டது. வருத்தப்பட வைத்த மக்களிடம் மட்டும் சொல்லப்படவில்லை! மனம் மாறிய மன்னனிடமே இரண்டு படி இருந்தால், மாறாத மன்னர்களிடம் எத்தனை இருக்கும்?

ஆகவே மன்னர்கள் அளந்து சொல்லட்டும் என்று காத்திருக்கலாகாது. நம் புறநானூற்றுக் காலத்திலேயே வழிகாட்டி ஒருத்தி இருந்தாள். வெண்ணிப் போரில் கரிகாலன் வென்றான். சேரமான் பெருஞ்சேரலாதன் முதுகிலே புண்பட்டு, நாணி, வடக்கிருந்து உயிர்நீத்தான். ஊரெல்லாம் கரிகாலனைப் புகழ்ந்தபோது, குயவர் குடியிற் பிறந்த வெண்ணிக் குயத்தியார் அந்தக் கரிகாலனிடமே, உன்னைவிட அவன் நல்லவனல்லனோ என்று கேட்டார். அவர் கையிலே வாளில்லை, படையில்லை, உயர்குடிப் பட்டமுமில்லை. மண்ணைப் பிசைந்து பானை வனையும் குடியில் வந்தவர், வென்றவனின் அளவுகோலை அவன் கண்ணெதிரே திருப்பிப் பிடித்தார்.

தோழர்களே, வெற்றி விழாவுக்கு அழைப்பு வரும். ஒலிபெருக்கி முழங்கும், கொடி பறக்கும், கைதட்டச் சொல்வார்கள். தட்டுமுன் கையைத் தூக்குங்கள். அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். மேடையிலே நிற்பவர் மாற்றாராயின் உரத்த குரலில் கேளுங்கள். நம்மவராயின், இன்னும் உரத்த குரலில் கேளுங்கள்!